வாழ்க்கைத்துணையைக் கனடாவுக்கு ஸ்பான்சர் செய்ய, எங்கிருந்து விண்ணப்பிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் வீட்டு முன்னறையை ஆபீசாக வைத்துக்கொண்டு பதினெட்டு வருடமாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது என்று தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் மாற்றி அஃபிடவிட்டோடு கொடுப்பது என் தொழில். கனடா மாப்பிள்ளையைக் கட்டிய பெண்கள், அங்கே குடியுரிமை வாங்கிய பெண்ணைக் கட்டிய பையன்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்று யார் வந்தாலும் காகிதத்தை மேஜையில் வைத்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "இங்கேருந்து போடறதா, அங்கே போய்ப் போடறதா?"

என் மகளும் இதே வழியில் போனவள். அதனால் படித்ததும் உண்டு, பட்டதும் உண்டு. நான் வக்கீல் இல்லை. காசு வாங்கிக்கொண்டு கனடா குடியேற்ற ஆலோசனை சொல்ல அந்த நாட்டு வக்கீல்களுக்கும், அங்கே உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும், கியூபெக் நோட்டரிகளுக்கும், இவர்களைப் போல அங்கே உரிமம் பெற்றவர்களுக்கும்தான் சட்டம் இடம் தருகிறது. இங்கே எழுதியிருப்பது, கேட்டவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது. கட்டணமும் காத்திருப்புக் காலமும் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கிற அன்று கனடா குடியேற்றத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்லேண்ட், அவுட்லேண்ட்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன மேடம்?

கணவனோ மனைவியோ ஸ்பான்சர் செய்யும்போது இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று, கனடாவில் ஸ்பான்சரோடு ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் துணைக்கானது. அதைத்தான் இன்லேண்ட் என்கிறார்கள். இன்னொன்று, குடும்பப் பிரிவு. அது அவுட்லேண்ட். படிவங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். 2024 ஏப்ரல் 30-ல் ஏற்றிய கணக்குப்படி ஸ்பான்சர் கட்டணம் 85, விண்ணப்பக் கட்டணம் 545, பிஆர் (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கட்டணம் 575, ஆக 1,205 கனடா டாலராக இருந்தது. கைரேகையும் போட்டோவும் எடுக்கிற பயோமெட்ரிக்ஸுக்குத் தனியாக 85. பிஆர் கட்டணங்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள்.

பணத்தில் வித்தியாசம் இல்லை. காத்திருக்கிற மாதங்களில் நீங்கள் எங்கே இருக்கலாம், மறுத்துவிட்டால் என்ன செய்யலாம் என்பதில்தான் வித்தியாசம்.

அவுட்லேண்ட் போட்டா நான் சென்னையிலேயே உட்கார்ந்திருக்கணுமா?

வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். அவுட்லேண்ட் என்பது விண்ணப்பம் எந்தப் பிரிவில் சேர்கிறது என்பதற்கான பெயர். உங்கள் கால் எந்த மண்ணில் நிற்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முறையான விசா கையில் இருந்தால் அவுட்லேண்ட் போட்டுவிட்டுக் கனடாவில் கணவரோடு இருக்கலாம், திரும்பி வரலாம், மறுபடி போகலாம். அங்கே இருக்கும்போதே முடிவு வந்தால் ஆன்லைனிலேயே லேண்டிங், அதாவது பிஆர் ஆகிற கடைசிக் கட்டத்தை, முடித்துவிடுகிறார்கள்.

இன்லேண்டுக்குத்தான் கட்டுப்பாடு. அதற்கு நீங்கள் கனடாவில் இருக்க வேண்டும், அதுவும் ஸ்பான்சரோடு ஒரே முகவரியில். கணவர் டொரண்டோவில், உங்களுக்கு வேலை கால்கரியில் என்றால் இன்லேண்ட் நிற்காது.

என் வீட்டுக்காரர் ஸ்டூடண்ட் விசால இருக்கார். அவர் ஸ்பான்சர் பண்ணலாமா?

முடியாது. 18 வயது நிறைந்த பிஆர் அல்லது குடியுரிமை உள்ளவர்தான் ஸ்பான்சர் செய்யலாம். மாணவரின் துணைக்கு இருப்பது வேறு விசா. அதற்கான விதிகளை 2025 ஜனவரியில் நன்றாக இறுக்கிவிட்டார்கள்.

அவருக்குச் சம்பளம் கம்மி. அதுக்காக நிராகரிப்பாங்களா?

துணையை மட்டும் ஸ்பான்சர் செய்வதற்குக் குறைந்தபட்ச வருமானம் என்று எதுவும் இல்லை. அப்பா அம்மாவை ஸ்பான்சர் செய்வதற்கான விதியை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் அரசின் சமூக உதவிப்பணத்தில் வாழ்கிறவர், ஊனத்துக்காகப் பெறுவதைத் தவிர, ஸ்பான்சர் ஆக முடியாது.

நீங்கள் பிஆர் ஆன நாளிலிருந்து மூன்று வருடம் உங்கள் அடிப்படைத் தேவைகளுக்கு அவர் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிறார். இடையில் பிரிந்தாலும், விவாகரத்தே ஆனாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. கையெழுத்துப் போடுகிற பையன்களுக்கு இதை நான் தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டுவது வழக்கம்.

எது சீக்கிரம் வருமோ அதையே போட்டுடலாமே?

வெளிநாட்டிலிருந்து வரும் துணைக்கான விண்ணப்பங்களை 12 மாதத்தில் முடிப்பது கனடா குடியேற்றத் துறை வைத்திருக்கும் இலக்கு. இன்லேண்டுக்கு அப்படி நம்பி இருக்க முடியாது, பல சமயம் அது அதிகமாக இழுக்கும். இரண்டு வரிசைகளின் இன்றைய நிலவரம் தளத்தில் இருக்கும்.

இருந்தாலும் இந்தக் கேள்வியை முதலில் வைக்காதீர்கள் என்பேன். பன்னிரண்டோ இருபதோ, அந்த மாதங்களை நீங்கள் வாழ்ந்தாக வேண்டும். சென்னையில் வேலை இருக்கிறதா, விட முடியுமா? மாமியாருக்கு டயாலிசிஸ், கூட யாரும் இல்லையா? விசிட்டர் விசா கையில் இருக்கிறதா, இனிமேல்தானா? அடுத்த ஒன்றரை வருடம் உங்கள் இருவரின் வாழ்க்கை நிஜமாக எங்கே நடக்கப்போகிறதோ, அதற்குப் பொருந்துகிற பிரிவைப் போடுங்கள். இரண்டு மாதம் முன்னால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர்கள்தான் பிறகு வந்து அழுதிருக்கிறார்கள்.

இன்லேண்ட் போட்டாத்தான் ஒர்க் பெர்மிட்டுனு ஏஜென்ட் சொன்னாரே?

ஒரு காலத்தில் அது சரி. என் மகள் போன 2018-ல் அப்படித்தான் இருந்தது. 2023 மே மாதம் கனடா அதை மாற்றியது. இப்போது அவுட்லேண்ட் போட்டவரும், கனடாவில் ஸ்பான்சரோடு ஒரே முகவரியில் முறையான அந்தஸ்தோடு இருந்தால், விண்ணப்பம் பெற்றுக்கொண்ட கடிதம் வந்ததும் ஓபன் ஒர்க் பெர்மிட், அதாவது எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்ற அனுமதி, கேட்கலாம்.

சென்னையில் இருந்துகொண்டு அதைக் கேட்க முடியாது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான். பழைய விதியை இன்னமும் சொல்லி இன்லேண்டுக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். யாராவது அப்படிச் சொன்னால் 2023-ல் வந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

இன்லேண்ட் போட்டுட்டு நடுவுல ஒரு தடவை ஊருக்கு வந்துட்டுப் போகலாமா ஆன்ட்டி?

கனடாவை விட்டு வெளியே வரக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. திரும்ப உள்ளே விடுவார்கள் என்ற உத்தரவாதமும் இல்லை. திரும்ப முடியாமல் போனால், கனடாவில் சேர்ந்து வாழ்கிறார்கள் என்ற அடிப்படையே போய்விடுகிறது. அதை வைத்து விண்ணப்பத்தை மறுக்கலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஏஜென்ட் ஒருவர் சொன்னபடி மகள் இன்லேண்ட் போட்டாள். அடுத்த ஜூனில் என் அம்மா இறந்துபோனாள். இவளை மடியில் போட்டு வளர்த்தவள். பாஸ்போர்ட்டில் இருந்த விசிட்டர் விசா அதற்குள் முடிந்திருந்தது. வந்தால் புது விசா வாங்கித்தான் திரும்ப வேண்டும், அதற்கு எத்தனை மாதமோ. பத்தாம் நாள் காரியத்தை போனில்தான் பார்த்தாள். ஜன்னல் திட்டில் ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருந்தோம். அது சரிந்து சரிந்து, பாதி நேரம் அவளுக்குச் சுவர்க் கடிகாரம்தான் தெரிந்ததாம். கட் பண்ணாமல் மூன்று மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவுட்லேண்ட் போட்டிருந்தால் அன்று ராத்திரியே விமானம் ஏறியிருப்பாள், விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

விசிட்டர் விசால போய் அங்கேருந்து போடலாமா? 'ஸ்பான்சர் பண்றாங்க'ன்னு சொன்னா விசா தரமாட்டாங்களாமே, மறைச்சுடலாமா?

போகலாம். தற்காலிகமாகத் தங்கவும் நிரந்தரமாகக் குடியேறவும் ஒரே நேரத்தில் எண்ணம் இருக்கலாம் என்பதைக் கனடாவின் குடியேற்றச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அந்தச் சட்டத்தின் 22(2) பிரிவு அது. பிஆர் கிடைக்காவிட்டால் அனுமதித்த காலம் முடிவதற்குள் கிளம்பிவிடுவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். சென்னையில் உங்களுக்குள்ள வேலை, வீடு, குடும்பம் பற்றிய காகிதங்கள் அதற்கு உதவும். ஸ்பான்சர் விண்ணப்பம் பெற்றுக்கொண்ட கடிதம் இருந்தால் அதையும் வைத்துத் துணிந்து உண்மையைச் சொல்லுங்கள்.

மறைப்பது மட்டும் கூடாது. கல்யாணமானதை மறைத்து 'சிங்கிள்' என்று விசிட்டர் படிவத்தில் போட்டது பின்னால் தெரிந்தால், தவறான தகவல் தந்ததாக ஐந்து வருடம் கதவு மூடும். ஸ்பான்சர் விண்ணப்பமும் அதோடு போகும். விமான நிலையத்தில் கேட்டாலும் அப்படியே: "கணவரைப் பார்க்க வந்திருக்கிறேன், அவர் என்னை ஸ்பான்சர் செய்திருக்கிறார்." பெரும்பாலும் ஆறு மாதம் தங்க விடுவார்கள். நீட்டிக்க வேண்டுமென்றால் அந்த நாள் முடிவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

ரிஜெக்ட் ஆயிட்டா என்ன வழி?

அவுட்லேண்டை மறுத்தால் ஸ்பான்சர் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே வழக்கைப் புதிதாகவே விசாரிப்பார்கள். புது ஆதாரம் தரலாம், நீங்களும் போனிலோ வீடியோவிலோ சாட்சி சொல்லலாம். இன்லேண்டுக்கு அந்த மேல்முறையீடு கிடையாது. 15 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்தில் மறுஆய்வுக்கு அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். நீதிமன்றம் உங்கள் கல்யாணம் உண்மையா என்று பார்க்காது, அதிகாரி எடுத்த முடிவு நியாயமான முறையில் எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும். சந்தேகம் வர இடமுள்ள ஜோடிகளுக்கு, அதாவது வயது வித்தியாசம் அதிகம், இரண்டாம் கல்யாணம், பார்த்துப் பழகிய நாள் குறைவு என்று இருப்பவர்களுக்கு, நான் அவுட்லேண்டைச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்பான்சர் கொடுக்கிற ஐஎம்எம் 1344 படிவத்தில், அவருக்குத் தகுதி இல்லை என்று தெரியவந்தால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா, தொடரச் சொல்கிறீர்களா என்று ஒரு கட்டம் வரும். பணம் திரும்ப வருமே என்று 'திரும்பப் பெறுகிறேன்' என்பதில் டிக் போட்டால் மேல்முறையீட்டு உரிமையும் அதோடு போகும். படித்துவிட்டு டிக் போடுங்கள்.

மாண்ட்ரியல்ல இருக்கார். வித்தியாசம் உண்டா?

உண்டு. மாண்ட்ரியல் இருக்கிற கியூபெக் மாகாணத்துக்குத் தனி உறுதிமொழி, தனித் தேர்வுச் சான்றிதழ். மாகாண அரசு எத்தனை விண்ணப்பம் வாங்குவது என்று உச்சவரம்பும் வைத்ததால் காத்திருப்பு நீண்டிருக்கிறது. டொரண்டோவில் இருக்கும் நாத்தனார் அனுபவத்தை வைத்து மாண்ட்ரியல் கணக்குப் போடாதீர்கள்.

கல்யாணத்தை இன்னும் ரிஜிஸ்டர் பண்ணலை. பத்திரிகையும் போட்டோவும் போதாதா?

போதாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். 90 நாளுக்குள் செய்யாவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம். மாப்பிள்ளை மூன்று வார லீவில் வருகிறார் என்றால், முகூர்த்தம் முடிந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். மறுவீடு, குலதெய்வம் கோயில் எல்லாம் முடிந்து, அவர் பிளேன் ஏறிய பிறகு ஞாபகம் வந்து என்னைக் கூப்பிடுகிறவர்கள் அதிகம்.

இருவரும் வேறு வேறு மதம் என்று சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் போகிறவர்கள் 30 நாள் நோட்டீஸ் காலத்தையும் லீவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்புறம், விண்ணப்பதாரரோ அவர் குடும்பத்தாரோ செய்த மொழிபெயர்ப்பைக் கனடா குடியேற்றத் துறை ஏற்பதில்லை. என் மகளின் காகிதங்களை நானே தொட முடியாமல், தி.நகரில் இருக்கும் இன்னொருவரிடம்தான் கொடுத்தேன்.

லீவு கிடைக்கலை. வீடியோ கால்ல அவர் இருக்க, இங்கே கல்யாணத்தை முடிச்சுடலாமா?

சடங்குக்கு அது உங்கள் விருப்பம். ஸ்பான்சருக்கு உதவாது. இருவரில் ஒருவர் நேரில் இல்லாமல், தொலைபேசியிலோ இணையத்திலோ நடந்த திருமணத்தைக் குடியேற்றத்துக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2015 ஜூனிலிருந்தே விதி. கனடா ராணுவத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அவர் பிஆர் லேண்ட் ஆகறதுக்கு முன்னாடியே எங்களுக்குக் கோயில்ல தாலி கட்டியாச்சு. ரிஜிஸ்டர் அப்புறம்தான். பேப்பர்ல அவர் சிங்கிள்னுதான் இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே ஆபத்தான கேள்வி இதுதான். இன்லேண்டா அவுட்லேண்டா என்பதற்கெல்லாம் முன்னால் இதைச் சரிபார்க்க வேண்டும்.

நம் ஊரில் ரிஜிஸ்டர் ஆனால்தான் கல்யாணம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்துத் திருமணச் சட்டப்படி சடங்கு நடந்தாலே திருமணம் முடிந்தது, பதிவு அதற்கான சான்று. தமிழ்நாட்டுத் திருத்தமான 7-ஏ பிரிவின்படி சொந்தபந்தம் முன்னால் கணவன் மனைவியாக ஏற்று மாலை மாற்றிக்கொண்டதோ, தாலி கட்டியதோ, மோதிரம் போட்டதோ போதும். ஆக கோயிலில் தாலி கட்டிய நாளிலிருந்து அவர் திருமணமானவர். அதற்குப் பிறகு 'சிங்கிள்' என்று லேண்ட் ஆனால், மனைவியைச் சொல்லாமல் விட்டார் என்றாகும். அப்படிச் சொல்லாமல் விட்டு, அதனால் பரிசோதிக்கப்படாமல் போன துணையைப் பின்னால் குடும்பப் பிரிவில் கொண்டுவர முடியாது என்று கனடா விதிமுறை 117(9)(டி) சொல்கிறது. அவருடைய சொந்த பிஆருக்கே கேள்வி வரும். 2019-ல் சிலருக்கு ஒரு சலுகைக் கொள்கை வந்தது, ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது.

இதற்குத் தப்பான தேதி போட்ட பத்திரிகை அடித்துத் தரச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். உரிமம் உள்ள வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இன்னும் லேண்ட் ஆகாதவர்களுக்கு வழி எளிது: ஒன்று, கல்யாணத்தை உடனே குடியேற்றத் துறைக்குத் தெரிவித்து மனைவியையும் விண்ணப்பத்தில் சேர்ப்பது. அல்லது, கல்யாணமே இன்னும் ஆகவில்லை என்றால், லேண்ட் ஆகிவிட்டு வந்து செய்வது. நிச்சயதார்த்தம் மட்டும் ஆகியிருந்தால் பயமில்லை, அது திருமணம் ஆகாது.

அரேஞ்ச்டு மேரேஜ். நாங்க நேர்ல சேர்ந்து இருந்ததே 19 நாள்தான். நம்புவாங்களா?

நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியும். வழக்கப்படி நடந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு குடும்பமும் எப்படி அறிமுகம், ஜாதகம் யார் கொண்டுவந்தது, பெண் பார்க்க வந்தது என்றைக்கு, ஏன் இந்த வரன் என்று ஐஎம்எம் 5532 படிவத்தில் எழுத இடம் இருக்கிறது. இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள்.

சமீபத்தில் ஒரு பெண் கொண்டுவந்த ஃபைலைச் சொல்கிறேன். 80 போட்டோ, எல்லாம் ஸ்டூடியோவில் போஸ் கொடுத்தது, இருவர் மட்டும். மண்டபத்தில் எடுத்தது எங்கே என்று கேட்டேன். அண்ணன் போனில் இருந்தது: பந்தியில் இவள் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்குவது, மணமகன் அம்மா இவள் தலையில் பூச்சரத்தைச் சரிசெய்வது. அந்தப் பதினைந்து படத்தைத் தேதி, இடம், யார் யார் என்று எழுதி வைக்கச் சொன்னேன். அதோடு மாதாமாதம் அவர் அனுப்பும் பணத்தின் வங்கி விவரம், கால் பதிவு, அவர் திரும்ப வந்தபோது வாங்கிய டிக்கெட், போர்டிங் பாஸ். வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் அச்செடுத்து 600 பக்கம் கட்டாதீர்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம் போதும்.

சேர்ந்து இருந்த நாள் குறைவு என்றால், காத்திருக்கும் காலத்தில் அவர் ஒருமுறை வந்து போவது எந்தக் காகிதத்தையும்விடப் பலமான ஆதாரம்.

எனக்கு சர்நேம் கிடையாது, பாஸ்போர்ட்ல ஒரே பேருதான். படிவம் விடமாட்டேங்குதே?

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், உங்கள் பெயரைப் படிவத்தின் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, இயற்பெயர் கட்டத்தைக் காலியாக விடச் சொல்கிறார்கள். அப்பா பெயரையோ கணவர் பெயரையோ நீங்களாகச் சேர்க்காதீர்கள். சான்றிதழில் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் விரித்தும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட் வைப்பது நல்லது.

போலீஸ் சர்டிபிகேட், மெடிக்கல் எல்லாம் இங்கே ஈஸியா, அங்கே ஈஸியா?

இங்கே. 18 வயதுக்குப் பிறகு, கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் போலீஸ் சான்றிதழ் வேண்டும். இந்தியாவுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மையங்களில் ஒன்றுக்குப் போனால் ஆகிவிடும். கனடா போய்விட்டால் இந்தியத் தூதரகம் வழியாக, நாள் பிடிக்கும். துபாய், சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்கள் அந்த நாட்டுக் காகிதத்தை முதலில் ஆரம்பியுங்கள், கடைசியில் வந்து சேர்வது அதுதான். மெடிக்கலைக் குடியேற்றத் துறை சொன்ன பிறகு, அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் செய்ய வேண்டும். சென்னையில் இருக்கிறார்கள். பயோமெட்ரிக்ஸும் சென்னை மையத்திலேயே கொடுக்கலாம்.

கர்ப்பமா இருக்கேன். இப்ப எங்கேருந்து போடறது?

முதலில் உங்கள் உடம்பு. விசிட்டராகப் போகிறவருக்கு மாகாண மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. பிரசவச் செலவு முழுக்கக் கைக்காசு, சிசேரியன் என்றால் இன்னும் ஏறும். இங்கே அம்மா கையில் பத்தியச் சாப்பாட்டோடு பெற்றுக்கொள்வதையே நான் சொல்வேன், அதற்கு அவுட்லேண்ட்தான் இடம் கொடுக்கும். மெடிக்கலில் மார்பு எக்ஸ்ரேயைப் பிரசவம் வரை தள்ளிப்போடலாம். அதனால் கொஞ்சம் தாமதமாகும், வேறு தொந்தரவு இல்லை.

குழந்தை பிறந்ததும் உடனே தெரிவித்து விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். அப்பா பிஆர்தான் என்றால் இங்கே பிறந்த குழந்தை கனடா குடிமகன் ஆகாது, அதற்கும் பாஸ்போர்ட், மெடிக்கல் எல்லாம் உண்டு. 'அப்புறம் சேர்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டால், கோயில் தாலி பற்றிய கேள்வியில் சொன்ன அதே விதி குழந்தை மேலும் பாயும்.

பிஆர் வரும்வரை அவரே வேலையை விட்டுட்டு சென்னைக்கு வந்து என்னோட இருக்கலாமா?

அவர் கனடா குடிமகன் என்றால் இருக்கலாம். நீங்கள் பிஆர் ஆனதும் அங்கே திரும்பி வாழப்போகிறார் என்று காட்ட வேண்டும்: வேலைக்கான கடிதம், வீட்டு ஏற்பாடு, குழந்தைக்குப் பள்ளி விசாரித்தது மாதிரி. வெறும் பிஆர் என்றால் முடியாது. பிஆர் ஸ்பான்சர் கனடாவில் வசிப்பவராகவே இருக்க வேண்டும். ஒரு மாதம் லீவில் வந்து போவதை யாரும் தப்புச் சொல்வதில்லை. வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து வந்துவிட்டால் ஸ்பான்சர் தகுதியே போய்விடும்.

நாங்க கல்யாணம் பண்ணிக்கல. ரெண்டு பேரும் ஆண்கள். எங்களுக்கு வழி இருக்கா?

இருக்கிறது. ஒரே பாலினத் திருமணத்தையும் சேர்ந்து வாழ்வதையும் கனடா ஏற்கிறது. 12 மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால், கல்யாணம் இல்லாமலே துணையாக ஸ்பான்சர் செய்யலாம். இந்தியாவில் பதிவு செய்ய வழி இல்லாததால், கனடாவிலோ அதை அனுமதிக்கும் வேறு நாட்டிலோ போய்த் திருமணம் செய்தவர்களும் உண்டு.

கல்யாணமும் முடியாது, சேர்ந்து வாழவும் முடியவில்லை, ஆனால் ஒரு வருடமாவது கணவன் மனைவிக்கு ஈடான உறவு இருக்கிறது என்றால் அதற்கென்று ஒரு பிரிவு உண்டு. அது அவுட்லேண்டில் மட்டும். கனடாவில் இருக்கும் துணைக்கு அது கிடையாது. இந்தக் கேள்வியைக் கேட்ட பையன் மூன்று முறை வாசல் வரை வந்து திரும்பிப் போனானாம். தயங்க வேண்டாம், காகிதத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

விசா காலம் முடிஞ்சும் அங்கேயே இருந்துட்டேன். இப்ப எதுவும் போட முடியாதா?

இந்த நிலையில் இன்லேண்ட்தான் கை கொடுக்கும். தங்கும் காலம் தாண்டியிருந்தாலும், அனுமதியில்லாமல் வேலை செய்திருந்தாலும், உண்மையான கணவன் மனைவி என்றால் இன்லேண்ட் விண்ணப்பத்தை ஏற்க 2005-லிருந்து ஒரு கொள்கை இருக்கிறது. பொய்த் தகவல் தந்தவர்களுக்கும் குற்ற வழக்கு உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது. இங்கே கிளம்பி வந்து அவுட்லேண்ட் போடலாம் என்று அவசரப்பட்டு விமானம் ஏறாதீர்கள். ஏறுவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

ஏற்கெனவே இன்லேண்ட் போட்டாச்சு. அவுட்லேண்டா மாத்த முடியுமா?

மாற்ற முடியாது. திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாகப் போட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டவும் முடியாது. பரிசீலனை ஆரம்பித்துவிட்டால் விண்ணப்பக் கட்டணம் போனதுதான், பிஆர் உரிமைக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். வரிசையிலும் கடைசியில் போய் நிற்பீர்கள். விண்ணப்பித்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகிறது, ஊருக்கு அடிக்கடி வந்தாக வேண்டிய நிலை என்றால் மாற்றலாம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் அங்கேயே பொறுத்திருப்பதே மேல்.

அவுட்லேண்ட் ரிஜெக்ட் ஆயிடுச்சு, 'கல்யாணம் உண்மையில்லை'ன்னு. இப்ப விசிட்டர்ல போய் இன்லேண்ட் போட்டா?

போடத் தடை இல்லை. ஆனால் அதே கேள்வி அங்கேயும் காத்திருக்கும், மேல்முறையீடு செய்ய வழியில்லாமல். கையில் இருக்கும் உரிமையை முதலில் பயன்படுத்துங்கள். ஸ்பான்சர் கையில் மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு தாக்கல் செய்ய வேண்டும். கடிதம் வந்த தேதியை அன்றே எழுதி வையுங்கள்.

மறுப்புக் கடிதத்தில் பொதுவான நாலு வரிதான் இருக்கும். அதிகாரி உண்மையில் என்ன எழுதினார் என்பது அவர்கள் கணினிக் குறிப்பில் இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதம் கொடுத்தால், கனடாவில் உள்ள கணவர் தகவல் பெறும் சட்டத்தில் 5 டாலர் கட்டி அதை வாங்கலாம். ஒரு ஜோடி அதை வாங்கிப் பார்த்தபோது காரணம் இதுதான்: பெண் பார்த்த தேதியை இவள் ஆடி மாதக் கடைசி என்று ஆகஸ்டில் போட்டிருக்கிறாள், அவர் ஜூலை என்று போட்டிருக்கிறார். அதற்கு ஆதாரமாக, அன்றைக்குப் பெண் வீட்டுக்கு வர அவர்கள் பதிவு செய்த டாக்ஸியின் ரசீதைத் தேடி எடுத்தோம்.